வெள்ளவத்தையில் ஓர் ஆங்கில வகுப்பு: செயலைக் காட்டி வாக்கியத்தைக் கற்பிக்கும் ரீச்சர்

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பைக் கொழும்பில் தேடி அலைய வேண்டியதில்லை. பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை காலி வீதியில் நடந்தால் மாடிப்படிகளின் மேலே பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தொங்குகின்றன. பெரும்பாலானவை காலங்களின் அட்டவணையில் தொடங்கி அந்த அட்டவணையிலேயே முடிந்துவிடும். நான் எழுதப்போவது அந்த வரிசையில் சேராத ஒரு வகுப்பைப் பற்றி. வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடியில் அது நடக்கிறது. பன்னிரண்டு கதிரைகள், ஒரு நீள மேசை, ஒரு வெள்ளைப்பலகை. காத்திருப்போர் பட்டியலே நீண்டுவிட்டதால் தம் பெயரை எழுத வேண்டாம் என்று ரீச்சர் கேட்டுக்கொண்டார். பெயர் இல்லாவிட்டாலும் எழுதத்தான் வேண்டும். ஆங்கிலத்தை இப்படியும் கற்பிக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது.

நான் கோட்டையில் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். தேயிலை, கறுவா, தும்பு என்று துறைமுகத்தை விட்டுப் போகும் சரக்குகளுக்குக் கடிதங்களும் மின்னஞ்சல்களும் எழுதுவதுதான் நாள் முழுவதும் வேலை. எங்களைப் போன்றவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. சாதாரண தரத்தில் நல்ல சித்தி, பிறகு ஒரு டிப்ளோமா, எல்லாம் இருக்கிறது. இல்லாதது காரணம். ஒரு வாக்கியம் ஏன் சரி, இன்னொன்று ஏன் பிழை என்று கேட்டால், “அப்படித்தான் சொல்வார்கள்” என்பதற்கு மேல் பள்ளிக்கூடத்திலும் பதில் இல்லை, அலுவலகத்திலும் பதில் இல்லை. இந்த வகுப்பில் பதில் சொல்கிறார்கள். அதுவும் தமிழில்.

முதல் பாடத்தில் ரீச்சர் இலக்கணப் புத்தகத்தைத் திறக்கவில்லை. மேசையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து முன்வரிசையில் இருந்தவரின் கையில் கொடுத்தார். பிறகு அதை வாங்கி மேசையில் வைத்து விளிம்புவரை தள்ளினார். பிறகு கிழித்துத் திறந்தார். “மூன்று செயல் பார்த்தீர்கள். ஆங்கிலத்தில் இவை மூன்றுக்கும் மூன்று வேறு வாக்கிய அமைப்பு இருக்கிறது. வினைச்சொல்லைப் பிறகு பார்ப்போம், முதலில் காட்சியை மனத்தில் வையுங்கள்” என்றார். ஒருவர் இன்னொருவருக்கு ஒன்றைக் கொடுத்தல், ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துதல், ஒன்றின் நிலையை மாற்றுதல். குழந்தைப் பருவம் முதல் நாம் கையால் செய்தும் கண்ணால் கண்டும் பழகிய இந்தச் செயல்களின் மனப்படங்களே ஆங்கில வாக்கியங்களின் அச்சுகள் என்பதுதான் பாடத்திட்டம் முழுவதன் அடிப்படை.

இது ரீச்சர் சொந்தமாகக் கண்டுபிடித்தது அல்ல. அவரும் அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர், ஒரு சொல்லின் பொருள் ஒரு முழுக் காட்சியோடு சேர்ந்தே மனத்தில் இருக்கிறது என்று 1970களில் எழுதினார். வாங்குபவர், விற்பவர், பொருள், பணம் ஆகிய நான்கும் உள்ள ஒரே வியாபாரக் காட்சியை ‘பை’, ‘செல்’, ‘பே’, ‘காஸ்ட்’ ஆகிய சொற்கள் வெவ்வேறு பக்கத்திலிருந்து காட்டுகின்றன என்பது அவர் தந்த உதாரணம். அடேல் கோல்ட்பெர்க் 1995இல் இன்னும் ஒரு படி மேலே போனார். காட்சி சொல்லில் மட்டும் இல்லை, வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது என்றார். அவருடைய புகழ்பெற்ற உதாரணம் ‘ஹீ ஸ்னீஸ்ட் த நாப்கின் ஆஃப் த டேபிள்’. தும்மியதில் மேசைமேல் இருந்த துணி பறந்து கீழே விழுந்தது என்று பொருள். தும்முவது எதையும் நகர்த்துகிற வினை அல்ல. ஆனால் நகர்த்தும் வாக்கியத்துக்குள் போட்டவுடன் அதற்கு நகர்த்தும் பொருள் வந்துவிடுகிறது. இடியப்ப உரலில் எந்த மாவைப் போட்டாலும் இழையாக வருவது போலத்தான். ஆய்வாளர்களின் பெயர்களை ரீச்சர் பலகையின் ஓரத்தில் எழுதிப்போடுவார். மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை.

எனக்கு அதிகம் பயன்பட்ட பாடம் கொடுத்தலைப் பற்றியது. ‘ஷீ கேவ் மீ த பாக்கெட்’, ‘ஷீ கேவ் த பாக்கெட் டு மீ’ ஆகிய இரண்டும் ஒன்றுதான் என்று எங்கள் எல்லோருக்கும் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இந்த வகுப்பில் அவை இரண்டு காட்சிகள். முதலாவதில் முக்கியம் என் கையில் பொருள் இருப்பது. இரண்டாவதில் முக்கியம் பொருள் என்னை நோக்கி வந்த பயணம். இது நுணுக்கத்துக்காகச் சொல்லும் நுணுக்கம் இல்லையா என்று ஒருவர் கேட்டார். ரீச்சர் பலகையில் இரண்டு வாக்கியங்களை எழுதினார். ‘வீ சென்ட் த டாக்குமென்ட்ஸ் டு லண்டன்.’ ‘வீ சென்ட் லண்டன் த டாக்குமென்ட்ஸ்.’ முதலாவது எப்போதும் சரி. லண்டன் ஓர் இடம், ஆவணங்கள் அங்கே போகலாம். இரண்டாவது சரியாக வேண்டுமானால் லண்டன் என்பது அங்குள்ள அலுவலகத்தை, அதாவது வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய மனிதர்களைக் குறிக்க வேண்டும். நகரத்துக்குக் கை இல்லை, அது எதையும் பெற்றுக்கொள்ள முடியாது. கொடுத்தல் என்ற காட்சியில் பெறுபவர் இல்லாவிட்டால் அந்த வாக்கிய அமைப்பு நிற்காது.

என் வேலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். எங்கள் துறையில் ‘ஹாம்பர்க்’, ‘துபாய்’, ‘தூத்துக்குடி’ என்று ஊர்ப் பெயராலேயே முகவர்களைச் சொல்கிறோம். ஒரே மின்னஞ்சலில் ஊர் ஒரு வரியில் துறைமுகமாகவும் அடுத்த வரியில் ஆளாகவும் இருக்கும். எது எங்கே என்பதை வாக்கிய அமைப்பே வாசிப்பவருக்குச் சொல்லிவிடுகிறது. அந்த வகுப்புக்குப் பிறகு நான் வாசிக்கும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் இதைப் பார்க்கிறேன்.

தமிழோடு ஒப்பிட்டுக் காட்டியதும் அதே பாடத்தில்தான். ‘அக்கா தம்பிக்குப் பழத்தைக் கொடுத்தாள்’ என்ற வாக்கியத்தை எப்படிப் புரட்டிப்போட்டாலும் பெறுபவர் தம்பிதான். ‘கு’ என்ற ஓர் எழுத்து அதைப் பார்த்துக்கொள்கிறது. எந்தப் பொருளையும் ஏற்றுக்கொள்வதே நான்காம் வேற்றுமையின் இயல்பு என்று தொல்காப்பியர் சொல்லிவைத்திருக்கிறார். பழைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை உருபுகள் இருந்தன. பின்வந்த நூற்றாண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவை தேய்ந்து உதிர்ந்த பிறகு, யார் கொடுத்தார், யார் பெற்றார் என்று சொல்லும் பொறுப்பு சொல் நிற்கும் இடத்துக்கு வந்தது. தொல்காப்பியத்தையும் கோல்ட்பெர்க்கையும் ஒரே பலகையில் எழுதும் ஆங்கில வகுப்பு கொழும்பில் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மனம் நிறைந்துதான் வீட்டுக்குப் போனேன்.

இந்த முறைக்கு எல்லை உண்டு என்பதையும் அங்கேயே கண்டேன். ‘டெல் அஸ் த ரீசன்’ சரி. ‘ஷோ அஸ் த ரிப்போர்ட்’ சரி. ‘எக்ஸ்ப்ளெய்ன் அஸ் த டிலே’ பிழை. துறைமுகத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களில் தினமும் புழங்கும் பிழை இது. காட்சி ஒன்றுதானே, சொல்வதும் விளக்குவதும் ஒருவருக்குச் செய்தியைக் கொடுப்பதுதானே என்று பின்வரிசையில் இருந்த தம்பி கேட்டார். அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவர். ரீச்சர் மழுப்பவில்லை. “காட்சி மட்டும் போதாது தம்பி, இங்கே வரலாறும் வருகிறது” என்றார். லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த வினைகள் பெரும்பாலும் இந்த அமைப்புக்குள் நுழைவதில்லை. ‘எக்ஸ்ப்ளெய்ன்’, ‘டொனேட்’, ‘சஜெஸ்ட்’ எல்லாம் அப்படி. ஆனால் ‘ப்ராமிஸ்’, ‘அசைன்’ போன்றவை நுழைந்துவிட்டன. இதற்குப் பட்டியலைப் படிப்பதைத் தவிர வழி இல்லை என்று நேராகச் சொல்லிப் பட்டியலையும் கொடுத்தார். தன் முறை எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஆசிரியரை நான் நம்புகிறேன்.

அடுத்தது ஏற்றுதல் பற்றிய பாடம். சரக்கு, வாகனம், களஞ்சியம் என்று வேலை செய்பவர்கள் இந்த ஒன்றுக்காகவே சேரலாம். ‘வீ லோடெட் த கன்டெய்னர் வித் டீ.’ ‘வீ லோடெட் டீ இன்டு த கன்டெய்னர்.’ தேயிலையை ஏற்றியதாகத்தான் இரண்டும் சொல்கின்றன. ஆனால் முதல் வாக்கியத்தைக் கேட்பவர் மனத்தில் கொள்கலன் நிறைந்திருக்கும். இரண்டாவதில் ஒரு மூலையில் நாலு பெட்டி இருந்தாலும் போதும். வினைக்கு அடுத்து எது நிற்கிறதோ அதுதான் செயலால் பாதிக்கப்பட்டது, அதுதான் மாறியது என்று ஆங்கில மனம் எடுத்துக்கொள்கிறது. கொள்கலன் அந்த இடத்தில் நின்றால் மாறியது கொள்கலன், அதாவது வெறுமையாக இருந்தது நிறைந்துவிட்டது. தேயிலை நின்றால் மாறியது தேயிலை, அதாவது அது இடம் பெயர்ந்தது. கொள்கலன் முழுவதையும் ஒரே ஏற்றுமதியாளர் எடுத்தால் அது எங்களுக்கு எஃப்.சி.எல்., பலருடைய சரக்கு ஒன்றாகப் போனால் எல்.சி.எல். பலருடைய சரக்குப் போகும் கொள்கலனைப் பற்றி முதல் வகை வாக்கியத்தை எழுதினால், வாசிக்கும் வாடிக்கையாளர் முழுக் கொள்கலனும் தன்னுடையது என்று நினைக்க இடமிருக்கிறது. ஒரு முற்றுப்புள்ளிகூடப் பிழையாக இல்லாத வாக்கியம் வாசிப்பவரைத் தவறான படத்துக்குக் கொண்டுபோய்விடும். இதை எங்கள் பயிற்சிகளில் எவரும் சொல்லித்தந்ததில்லை.

இதோடு சேர்ந்ததுதான் உடைத்தல் பாடமும். ‘த ஃபோர்க்லிஃப்ட் ப்ரோக் த கேஸ்’ என்றால் இயந்திரம் நேராக மோதிப் பெட்டி உடைந்தது. ‘த ஃபோர்க்லிஃப்ட் காஸ்ட் த கேஸ் டு ப்ரேக்’, அதாவது பெட்டி உடைய இயந்திரம் காரணமாயிற்று என்றால், நடுவில் வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும். இயந்திரம் தட்டியதில் அடுக்கு சரிந்து, அந்தச் சரிவில் பெட்டி உடைந்திருக்கலாம். செயலுக்கும் விளைவுக்கும் இடையில் படி கூடினால் வாக்கியத்திலும் சொல் கூடுகிறது. காப்புறுதிக் கோரிக்கைக் கடிதம் எழுதுபவருக்கு இந்த வேறுபாடு காசு. நீளமாக எழுதினால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்து இரண்டாவது வகையை எழுதும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நிலை மாற்றப் பாடத்தில் நான் கற்றதைவிட, என் பக்கத்தில் இருந்தவர் கற்றதைப் பார்த்தது அழகாக இருந்தது. அவர் செட்டியார் தெருவில் நகை வேலை செய்யும் ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணர். கடைக்கு வரும் வெளிநாட்டவருக்குத் தன் வேலையை விளக்கவே வகுப்புக்கு வந்தவர். தமிழில் நாம் ‘அடித்து மெல்லிசாக்குகிறேன்’ என்று ஒரு வினையெச்சமும் ஒரு வினைமுற்றும் வைத்துச் சொல்கிறோம். ஆங்கிலம் ஒரே வினையையும், அதற்குப் பின்னால் பொருளையும், அதன் பின்னால் முடிவு நிலையையும் வைக்கிறது. ‘ஐ பீட் த கோல்ட் தின்.’ ரீச்சர் இதைச் சொன்னதும் அண்ணர் வலது கையில் சுத்தியல் இருப்பது போலப் பிடித்து, இடது உள்ளங்கையில் மெல்லத் தட்டிக்கொண்டே மூன்று பகுதியையும் சொல்லிப்பார்த்தார். ஓங்கும்போது ‘பீட்’, கை இறங்கும்போது ‘த கோல்ட்’, விரலால் தடவிப்பார்க்கும்போது ‘தின்’. அவர் வேலையின் ஒழுங்கும் வாக்கியத்தின் ஒழுங்கும் ஒன்றாகவே இருந்தன. அதற்குப் பிறகு அவர் ‘பாலிஷ்ட் இட் ப்ரைட்’ என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே சொன்னார்.

அட்டைப் பயிற்சியையும் சொல்ல வேண்டும். பதினாறு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம். நான்கு வினைகள், நான்கு அமைப்புகள். ‘குமார் த்ரூ மாலா த கீஸ்’ ஓர் அட்டையில், ‘குமார் த்ரூ த விண்டோஸ் ஓபன்’ இன்னொன்றில். பொருளால் ஒத்தவற்றை நான்கு குவியல்களாகப் பிரிக்கச் சொன்னார். முதலில் எல்லோரும் ‘த்ரோ’ எல்லாம் ஒரு குவியல், ‘ஸ்லைஸ்’ எல்லாம் ஒரு குவியல் என்றுதான் வைத்தோம். இரண்டாவது மாதத்தில் அதே அட்டைகளைத் தந்தபோது பலரும் கொடுத்தல் ஒரு குவியல், நகர்த்தல் ஒரு குவியல் என்று வைத்தார்கள். இது 2000ஆம் ஆண்டில் ஜூலியா பென்சினியும் கோல்ட்பெர்க்கும் வெளியிட்ட ஒரு சோதனையின் வகுப்பறை வடிவம். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட வினையை மட்டும் பார்த்துப் பிரிக்கவில்லை, வாக்கிய அமைப்பையும் அதே அளவுக்கேனும் பார்த்தார்கள் என்பது அதன் முடிவு. 2005இல் ஜெர்மானிய மாணவர்களிடமும் இதே சோதனை செய்யப்பட்டது. ஆங்கிலத்தைப் பிறகு கற்ற அவர்களும் அமைப்பை வைத்தே பிரித்தார்கள். முன்னேற்றத்தை அளக்க மதிப்பெண் தாளைவிட இந்த அட்டைகள் நல்ல வழி.

நடையும் வழியும் பற்றிய பாடம் சிறியது. நாம் ‘நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார்’ என்று வருவதை வினைமுற்றாக்குகிறோம். ஆங்கிலம் ‘ஹீ லிம்ப்ட் இன்’ என்று நொண்டுவதையே வினையாக்கி, வழியை ஒரு சிறு சொல்லில் வைத்துவிடுகிறது. லெனார்ட் டால்மி இந்த அடிப்படையில் உலக மொழிகளையே வகை பிரித்தவர். ‘ஹீ எல்போட் ஹிஸ் வே டு த டோர்’ என்ற அமைப்பும் அன்று வந்தது. இடமில்லாத இடத்தில் முழங்கையால் வழி உண்டாக்கிக்கொண்டு போவது. மாலை ஆறு மணிக்குப் புறக்கோட்டையிலிருந்து புறப்படும் 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து சேர்ந்த எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடலோர ரயில் பாதை மிக அருகில் இருப்பதால் ரயில் போகும்போதெல்லாம் பாடம் நிற்கிறது. மாலை நேரத்தில் அது அடிக்கடி நடக்கிறது. நிழற்பிரதித் தாள்களின் எழுத்து மிகச் சிறியது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடியோடு போகட்டும். உருவகங்களுக்கு ஒதுக்கிய இரண்டு பாடங்களும் மேலோட்டமாக இருந்தன. நேரத்தைச் செலவிடுவது, சேமிப்பது என்று பணத்தின் சொற்களால் நேரத்தைப் பேசுகிறோம் என்பதைத் தாண்டி அவை போகவில்லை. எழுதிக்கொண்டு வருவதைத் திருத்தித் தரும் வழக்கமும் இல்லை. அது பெரிய குறை. பன்னிரண்டு பேருக்கு வாரம் ஒரு பந்தி திருத்துவது முடியாத வேலை அல்ல.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது செயப்பாட்டு வினையைத் தொடாமல் விட்டது. ‘த கார்கோ வாஸ் டாமேஜ்ட்’ என்று எழுதும்போது செய்தவரைக் காட்சியிலிருந்து அகற்றிவிடுகிறோம். அலுவலகக் கடிதங்களில் பாதி இப்படித்தான் எழுதப்படுகின்றன. செயலின் மனப்படத்திலிருந்து வாக்கியத்தைக் கட்டும் முறையில் இதைவிடச் சுவையான பாடம் இருக்க முடியாது. இதை ரீச்சரிடம் நேரிலும் சொன்னேன். அடுத்த அணிக்குச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

கட்டணம் மாதம் 6,000 ரூபாய், வாரத்தில் இரண்டு மாலை. இதற்கு முன் நகரின் பெரிய நிலையம் ஒன்றில் இதைப்போல மூன்று மடங்கு கட்டிப் படித்தேன். குளிரூட்டிய அறையும் வண்ணப் புத்தகமும் இருந்தன. ஆசிரியர் அந்தப் புத்தகத்தை எங்களுக்கு வாசித்துக்காட்டினார், அவ்வளவுதான். ஐயெல்ட்ஸ் போன்ற பரீட்சைக்குக் குறுகிய காலத்தில் தயாராக விரும்புபவர்களுக்கு வெள்ளவத்தை வகுப்பு உதவாது. ஆங்கிலத்தை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியவர்களுக்கும் உதவாது, ஏனென்றால் ஓரளவு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பல வருடங்களாக ஆங்கிலத்தில் எழுதியும், எழுதி முடித்த வாக்கியத்தை அனுப்பத் தயங்கி நிற்பவர்களுக்குத்தான் இது. அவர்களுக்கு நான் இதை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன்.

இடம் கிடைக்காதவர்கள் வேறு எந்த வகுப்புக்குப் போனாலும், பணம் கட்டும் முன் அங்குள்ள ஆசிரியரிடம் கொள்கலனில் தேயிலை ஏற்றிய அந்த இரண்டு வாக்கியங்களையும் காட்டி, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் அடுத்த மாடிப்படியைப் பாருங்கள். சற்று யோசித்து, உங்களையும் யோசிக்கச் சொன்னால் அங்கேயே சேர்ந்துவிடுங்கள்.